பின்வளவுக்குப் போன முன்கதை

எனக்கென்று சொந்தமாக ஒரு வீடு இருந்ததில்லை. பிறந்தது உம்மாவின் வீட்டில். கல்யாணம் முடித்து வந்தது மனைவியின் வீட்டுக்கு. மகளுக்குக் கல்யாணம் முடிந்தால் அதே வீடு மகளின் பெயருக்கு எழுதப்படும்; நானும் மனைவியும் அதே காணியின் பின்பக்கம், பின்வளவில் கட்டியிருக்கும் சின்ன வீட்டுக்குப் போவோம். கல்முனையிலும் சுற்றியுள்ள எங்கள் ஊர்களிலும் இது யாரும் நின்று யோசிக்காத காரியம். வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுவான், வயதான பிறகு ஒரு பெட்டியோடு இறங்குவான். இடையில் ஆசைப்பட்டால் மாடி கட்டலாம், சாயம் பூசலாம். நான் இரண்டையும் செய்தேன். மாடி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

தொழிலில் நான் மின்மானி பார்க்கிறவன். காலையில் வீடு வீடாகப் போய், சுவரில் தொங்கும் பெட்டியை எட்டிப் பார்த்து, இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வருவேன். பின்னேரங்களில் அறிவியல் புனைகதை எழுதுவேன். மானி பார்க்கப் போனால் நாய் துரத்தும், கதை எழுதினால் வாசகர்கள் துரத்துவார்கள் என்று இளம் வயதில் நம்பியிருந்தேன். நாய் மட்டும் தவறாமல் வந்தது.

என் முதல் நாவல் இன்னும் இருநூறு வருடம் கழித்து நடக்கிறது. கடல் பிரதான வீதி வரைக்கும் ஏறி வந்துவிட்டது. அலைகளுக்கு மேலே நீளமான கால்களில் ஒரு வீடு நிற்கிறது. அந்த வீட்டின் சுவர்களுக்குள் ஒரு அறிவு குடியிருக்கிறது. அதற்கு உடம்பில்லை, பெயருமில்லை. யாருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, எந்தப் பிள்ளை இருட்டுக்குப் பயப்படும், எந்தக் கதவு மழைக்கு இறுகும் என்று ஏழு தலைமுறையாக அதற்குத் தெரியும். கடல் சத்தம் கூடும்போது அது தன் குரலைக் குறைத்துக்கொள்ளும். பிள்ளைகள் நித்திரையாகும் வரைக்கும் செத்துப்போனவர்களின் இருமலைக்கூட அப்படியே இருமிக் காட்டும். எழுதும்போது அந்த வீட்டுக்குள் நானும் தண்ணீரில் ஆடுவதுபோல இருந்தது. ஆடி மயங்கியதில் நிதானம் தப்பி, கடைசி அத்தியாயத்தில் முழுக் குடும்பத்தையும் வேறொரு கிரகத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு முன்னால் போக வழியில்லை. பின்னால்தான் போகலாம். அப்படித்தான் முன்கதைகள் வந்தன. ஒவ்வொரு புத்தகமும் ஒரு தலைமுறை பின்னுக்கு. வீட்டின் கால்கள் புத்தகத்துக்குப் புத்தகம் கட்டையாகிக்கொண்டு வந்தன. கடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது.

இந்தத் தொடரைப் பற்றி வெளியூர் வாசகர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அந்த இயந்திர அறிவு ஏன் எப்போதும் தாயிடமிருந்து மகளுக்கே போகிறது? மகன்மார் ஏன் பெட்டியோடு படியிறங்குகிறார்கள்? எதிர்காலத்தில் ஆண்கள் வீடற்றவர்களாக ஆவார்கள் என்பது எவ்வளவு துணிச்சலான கற்பனை என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதினார். கொழும்பில் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார்கள். நான் தாடையில் கைவைத்து, இதையெல்லாம் வருடக்கணக்காக யோசித்தவன்போல உட்கார்ந்திருந்தேன்.

உண்மை என்னவென்றால், ஒரு வீடு வேறு எப்படியும் கைமாறலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கடலைத் தூக்கினேன், கிரகத்தை மாற்றினேன், சுவரைப் பேசவைத்தேன். வீட்டை மகனுக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை மட்டும் வரவில்லை. அது மட்டுமா, எங்களில் பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள். பள்ளிவாசலில் கந்தூரிச் சோறு பங்கிடுவதும் குடிவாரியாகத்தான். நாலாவது புத்தகத்தில் அந்த அறிவு உம்மாவழி வந்ததால் உம்மாவின் குடிதான் என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லி, அதற்கும் ஒரு பங்கு சோறு அனுப்பிவைக்கிறார்கள். விமர்சகர் ஒருவர் இதை அங்கதம் என்றார். நான் சட்டப்பிரச்சினை என்று நினைத்துத்தான் எழுதினேன்.

இப்படிப் பின்னோக்கி நடந்து நடந்து, ஏழாவது புத்தகத்தில் என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றேன். அறிவு முதன்முதலாகச் சுவருக்குள் வந்த காலம் எங்கள் காலம். முதல் தாய் என் மனைவியின் சாயலில் வந்தாள். முதல் மகள் என் மகளின் சாயலில். நான் மாடி அறையிலிருந்து எழுதுவேன். ஒரு ஜன்னலில் கடல், மற்ற ஜன்னலில் நாவிதன்வெளிப் பக்கம் வரைக்கும் வயல். வெயில் சாயும் நேரத்தில் இரண்டு பக்க வெளிச்சமும் அறைக்குள் வந்து கலக்கும். அந்த நேரத்தில் படியில் யாரோ ஏறிவருவதுபோல இருக்கும். என் கதைகளின் இன்னும் பிறக்காத பெண்கள் வரிசையாக, ஈரக் கால்களோடு. நான் எழும்பிப் பார்த்தால் மனைவி துணி எடுத்துக்கொண்டு வருவாள். "இஞ்ச என்ன பேயப் பார்க்கியா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

என் கையெழுத்துப் பிரதியைக் கணினியில் ஏற்றுவது மகள்தான். அவள் ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். இயந்திரங்களுக்குத் தமிழ் பழக்குகிற வேலை. நாங்கள் 'ஓம்' என்றால் அது மந்திரமில்லை, சம்மதம் என்று ஒரு மாதமாக ஒரு இயந்திரத்துக்கு விளங்கப்படுத்தியிருக்கிறாள். நான் கற்பனையில் செய்வதை அவள் சம்பளத்துக்குச் செய்தாள். அசர் தொழுகைக்குப் பிறகு குசினி வாசலில் உட்கார்ந்து, ஏற்றிய பக்கங்களை மனைவிக்கு வாசித்துக் காட்டுவாள். மனைவி அரிசி கொழித்துக்கொண்டே கேட்பாள். அவளுக்குக் கதையில் எப்போதும் ஒரே குறைதான்: இத்தனை பேருக்கு யார் சமைக்கிறார்கள் என்று நான் எழுதுவதில்லை.

மகளுக்குப் பாலமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. நல்ல பிள்ளை, அவளுக்கும் பிடித்திருந்தது. நாள் குறிக்க அவர்கள் வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவதாக இருந்தது. அதற்கு இரண்டு கிழமைக்கு முந்தித்தான் நான் அந்த அத்தியாயத்தை எழுதினேன்.

முதல் மகளுக்குக் கல்யாணம். முதல் தகப்பன் பின்வளவு வீட்டுக்குப் போக வேண்டும். நான் எழுதத் தொடங்கியபோது வெளியே மழை இல்லை. கதையில் பெய்யவைத்தேன். தகப்பன் தன் மேசையைத் தானே தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்குகிறான். சுவருக்குள் இருக்கும் புதிய அறிவு அவனைப் பார்க்கிறது. இயந்திரம் வீட்டில் தங்குகிறது, மனிதன் வெளியே போகிறான். அந்த வரியை எழுதிவிட்டு நான் அழுதேன். என் எழுத்துக்கு நானே அழுவது புதிதில்லை. அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக அழுதேன்.

மகள் அந்தப் பக்கங்களை ஏற்றும்போது வழக்கம்போல என் எழுத்துப்பிழைகளைப் பகிடி பண்ணவில்லை. அன்றைக்கு உம்மாவுக்கு வாசித்துக் காட்டவும் இல்லை. முடித்துவிட்டுத் தாள்களை அடுக்கி என்னிடம் தந்தாள்.

"வாப்பா, இது கதைதானே?"

"கதைதான் மகள்" என்றேன்.

சொன்ன சொல்லில் பிழையில்லை. சொன்ன குரலில்தான் பிழை. சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு யாராவது வற்புறுத்துவார்களா என்று பார்க்கிறவனின் குரலில் சொன்னேன்.

நாலு நாள் கழித்து மகள் குசினியில் உம்மாவிடம் சொன்னது எனக்கு மாடி வரைக்கும் கேட்டது. தனக்கு வீடு வேண்டாமாம். உம்மாவும் வாப்பாவும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டுமாம். தானும் மாப்பிள்ளையும் கல்முனையில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொள்வார்களாம். மாப்பிள்ளையிடமும் கதைத்துவிட்டாளாம், அவருக்கும் சம்மதமாம்.

சட்டி கழுவும் சத்தம் நின்றது. பிறகு மனைவி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். வீட்டு உறுதிப் பத்திரம் தன் பெயருக்கு எழுத மகள் ஒத்துக்கொள்ளாமல் நாள் குறிக்கிற பேச்சில்லை.

அதற்குப் பிறகு உம்மாவும் மகளும் கதைக்கவில்லை. வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. இங்கே வீடில்லாமல் ஒரு பெண்ணைக் கல்யாணம் முடித்து அனுப்பினால், அந்தத் தாய் மகளை வெளியே தள்ளிவிட்டாள் என்றுதான் ஊர் சொல்லும். அது மட்டுமில்லை. மனைவி இருபத்தைந்து வருடமாக அந்த வீட்டைத் தன்னுடையது என்று கூட்டித் துடைக்கவில்லை, மகளுக்குக் கொடுக்க வேண்டிய ஒன்று என்றுதான் துடைத்தாள். கடல் ஒருமுறை ஊருக்குள் வந்துபோன பிறகு, சுவரில் உப்புப் படிந்த இடங்களைக் கையால் சுரண்டிச் சுரண்டி எடுத்தவள் அவள். இப்போது மகள் வேண்டாம் என்கிறாள். அதற்குக் காரணம் நான் எழுதிய மழை. அது எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

நடுவில் நான் தூது போனேன். உப்பு எங்கே என்று மகளிடம் கேட்கச் சொல்லி மனைவி மாடிக்குக் குரல் கொடுப்பாள். மகள் நாலடி தூரத்தில் நிற்பாள். உப்பு அலுமாரிக்கு மேலே என்று உம்மாவிடம் சொல்லச் சொல்லி அவளும் மாடியைப் பார்த்துச் சொல்வாள். நான் மேலிருந்து இரண்டையும் திருப்பிச் சொல்வேன். ஒரு பின்னேரம் அப்படிக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குத் தலைக்குள் ஏதோ எரிந்தது. தனக்கென்று இடமில்லாமல் வீட்டுக்குள் இருக்கிற, எல்லாம் தெரிந்த, உப்பு எங்கே என்று மட்டும் கேட்கப்படுகிற, வீட்டோடு சேர்த்து அடுத்த பெண்ணுக்குக் கைமாறுகிற அந்த அறிவு யார்? ஏழு புத்தகமாக எதிர்காலத்தை எழுதுவதாக நினைத்து நான் என்னைத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு வித்தியாசம், அது கெட்டிக்கார அறிவு.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பிரச்சினையைத் தீர்க்கப் பார்த்தேன். இன்னொரு அத்தியாயம் எழுதினேன். அதில் முதல் மகளும் வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு மனம் மாறிச் சந்தோஷமாக வீட்டை வாங்கிக்கொள்கிறாள். வாங்கித்தான் ஆக வேண்டும். அடுத்த ஆறு தலைமுறையும் அந்த வீட்டில்தான் வாழ்கிறது, அதை நான் ஏற்கனவே அச்சடித்துவிட்டேன். முன்கதை எழுதுகிறவனுக்கு முடிவைப் பற்றிக் கவலையில்லை, வழியைப் பற்றித்தான் கவலை. மகள் பக்கங்களைத் திருப்பித் தந்தபோது ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'இந்தப் பிள்ளை ஏன் திடீரென்று மனம் மாறியது? காரணம் இல்லை.'

காரணம் இல்லைதான்.

வியாழக்கிழமை வந்துவிட்டது. அடுத்த நாள் பாலமுனை ஆட்கள் வருவார்கள், என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியாது. அசர் தொழுதுவிட்டு வந்து, மகளைக் குசினி வாசலுக்குக் கூப்பிட்டேன். மழை அத்தியாயத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். மகள் என்னைப் பார்த்தாள். மனைவி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுளகில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தாள். அவள் எழும்பிப் போகவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

மகள் வாசித்தாள். முற்றத்தில் தென்னோலையின் நிழல் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. கதையில் மழை பெய்தது, வெளியே நல்ல வெயில். தகப்பன் சேற்றில் இறங்கினான். இயந்திரம் பார்த்தது. எனக்கே கேட்கக் கேட்கத் தாங்கவில்லை. இவ்வளவு மழை தேவையில்லை என்று பட்டது. வாசித்து முடித்தபோது சுளகு நின்றிருந்தது.

நான் உண்மையைச் சொன்னேன். இதை வாசித்துத்தான் மகள் வீட்டை வேண்டாம் என்றாள், அது எனக்குத் தெரியும், தெரிந்தும் பேசாமல் இருந்தேன், மகள் எனக்கு இரங்குகிறாளே என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்றேன். கடைசிப் பகுதியை விட்டிருக்கலாம். ஆனால் தொடங்கிவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

மனைவி திரும்பி உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. இத்தனை நாளுக்குப் பிறகு மகளைப் பார்த்தாள்.

"மகள், உன்ட வாப்பா அழுதத்த எழுதியிரிக்காரு. நான் சிரிச்சத்த ஆரு எழுதின?"

மகளுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

"இந்த வீட்டுல பதினாலு ஜன்னல் இரிக்கி" என்றாள் மனைவி. "மாடியக் கட்டி வெச்சிட்டு அவரு கத எழுதினாரு. நான் ஜன்னல் துடைச்சன். பின்வளவு வீட்டுக்கு ரெண்டே ரெண்டு ஜன்னல்தான். அது காணும் எண்டு மேசனுக்குச் சொன்னது நான். ஒண்டு கடல் காத்து வர. மத்தது உன்ட குசினியப் பார்க்க."

"என்ட குசினிய ஏன் பார்க்கணும்?" என்று மகள் கேட்டாள்.

"என்ன கருகுது எண்டு கேட்க."

மகளின் முகத்தில் ஏதோ அவிழ்ந்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடாத ஒன்று. உம்மா போக ஆசைப்படுகிறார் என்று தனக்குத் தெரியாது என்றாள். யாரும் கேட்கவில்லையே என்றாள் மனைவி. அது உண்மைதான். ஏழு புத்தகத்தில் ஏழு தாய்மாரை எழுதினேன். வீட்டைக் கொடுத்துவிட்டு இறங்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று அவர்களில் ஒருத்தியிடமும் நான் கேட்டதில்லை.

மகள் கொஞ்ச நேரம் தாள்களை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். பிறகு, சரி, வீட்டை எடுக்கிறேன், ஆனால் மாடி அறை மட்டும் வாப்பாவுக்கே இருக்கட்டும் என்றாள். நான் நன்றியோடு வாயைத் திறந்தேன்.

"இல்ல" என்றாள் மனைவி. "குடுத்தா முழுசாக் குடுக்கணும். ஒரு அறைய வெச்சிக்கிட்டா மறுகா அது இரவல் குடுத்த மாதிரி."

"வாப்பா அழமாட்டாரா உம்மா?"

"அழட்டும். எழுதுறதுக்கு என்னமாவது வேணுமே."

நான் வாயை மூடிக்கொண்டேன். மகள் உம்மாவின் சுளகை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மிச்ச அரிசியைக் கொழித்தாள். சரியாகக் கொழிக்கத் தெரியாது அவளுக்கு. பாதி அரிசி முற்றத்தில் போனது. மனைவி சுளகைத் திருப்பிக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாள் குறித்தோம். அடுத்த கிழமை உறுதி எழுதினோம். மனைவி ஒரே இழுப்பில் கையெழுத்து வைத்தாள். சாட்சியாக இருந்த நான்தான் பிழையான கோட்டில் வைத்தேன்.

மழை அத்தியாயத்தை நான் கிழிக்கவில்லை. மழையை மட்டும் எடுத்தேன். நல்ல வெயிலில் முதல் தகப்பன் முணுமுணுத்துக்கொண்டு இறங்குகிறான். முதல் தாய் அவனுக்கு முன்னால், திரும்பிப் பாராமல், செருப்பில்லாமல் நடக்கிறாள். மகள் மனம் மாறியதற்கு இப்போது காரணம் இருந்தது. பென்சில் குறிப்பு வரவில்லை. அந்த இயந்திர அறிவு எதற்காக முதன்முதலில் சுவருக்குள் வைக்கப்பட்டது என்ற பெரிய கேள்விக்கும் விடை கிடைத்தது. பின்வளவிலிருந்து தாய் கேட்பது பெரிய வீட்டுக் குசினிக்குக் கேட்பதில்லை, அதனால் மகள் அதை வாங்கி வைக்கிறாள். இருநூறு வருடம் பேசப்போகிற அந்த அறிவு பேசிய முதல் வார்த்தை, என்ன கருகுது என்பதுதான். ஒரு விமர்சகர் இதிலும் தத்துவம் காண்பார். நான் தாடையில் கைவைத்துக்கொள்வேன்.

கல்யாணம் முடிந்து நாங்கள் பின்வளவுக்கு வந்த முதல் காலை. சுபஹ் தொழுதுவிட்டு மனைவி மறுபடி படுத்தாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை. எழும்பிவிடுவாள் என்று காத்திருந்தேன். கடல் பக்க ஜன்னலால் காற்று வந்து அவள் முந்தானையின் ஓரத்தை மெதுவாகத் தூக்கி, மெதுவாக வைத்தது. அறை ஒரு தோணி கட்டிக் கிடப்பதுபோலச் சும்மா ஆடியது. நானே பிளேன்டி ஊற்றினேன். அது தேயிலையா தேங்காய் மட்டையா என்று சொல்ல முடியாத சுவையில் இருந்தது.

அப்போது மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது. அவர் கடற்கரைப் பக்கத்துத் தமிழ் மனிதர். எத்தனையோ வருடமாக எங்கள் வாசலில் நின்று பெரிதாகக் கூப்பிடுகிறவர்; அண்ணன் என்பதற்கு எங்களைப்போலவே காக்கா என்பார். நான் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படலைக்கு ஓடி, இரண்டு கையாலும் ஹோர்னைப் பொத்தினேன். அவர் பயந்துவிட்டார்.

"என்ன காக்கா, வீட்டுல சுகமில்லையா?"

"நித்திர கொள்றா" என்றேன்.

அவர் வெயிலை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மோட்டாரை அணைத்தார். பெட்டியின் மூடியைச் சத்தமில்லாமல் திறந்து, பாரை இருக்கு, சூரை இருக்கு, என்ன வேணும் என்று காதுக்குள் கேட்டார். எது நல்லது என்று எனக்குத் தெரியாது. இதுவரை தெரிந்துகொள்ளத் தேவைப்படவில்லை. அவரே ஒன்றை எடுத்து, செவுளைத் திறந்து காட்டினார். நான் விளங்கியவன்போலத் தலையாட்டினேன். இரண்டு கிழட்டு மனிதர்கள் ஒரு மீனுக்கு மேலே குனிந்து இரகசியம் பேசிக்கொண்டு நின்றோம். வெயில் முற்றத்தைக் கடந்து சின்ன வீட்டின் படிக்கு ஏறியது. அவள் எழும்பவில்லை.